மூன்று பக்கம் பிடித்த வட்டம்

அந்தப் பட்டறைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. ஆனாலும் அந்தத் தெருவில் யாரைக் கேட்டாலும், "அண்ணி பட்டறையா? நேரா போங்க, ரெண்டாவது ஷட்டர்" என்று வழி சொல்வார்கள். அவளை அண்ணி என்று முறையோடு கூப்பிட உரிமை உள்ளவள் உண்மையில் ஒரே ஒருத்திதான், அவள் கணவனின் தங்கை. மெஷின் இரைச்சலுக்கு மேலே கேட்கவேண்டும் என்று அவள் நாள் முழுக்க "அண்ணி! அண்ணி!" என்று கத்தியதில், அலுமினியக் கம்பி இறக்க வரும் லாரிக்காரரிலிருந்து மின்சார மீட்டர் பார்க்க வருகிறவர்வரை எல்லோருக்கும் அவள் அண்ணியாகிவிட்டாள். நரைத்த மீசைக்காரர்கள்கூட அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

நாத்தனாருக்கும் ஒரு பெயர் உண்டு. புள்ளி. மெஷினுக்குப் புரோகிராம் எழுதுவது அவள் வேலை. வந்த புதிதில் ஐம்பது மில்லிமீட்டர் நகரவேண்டிய இடத்தில், ஐம்பதுக்குப் பின்னால் தசமப் புள்ளி வைக்க மறந்துவிட்டாள். புள்ளி இல்லாத ஐம்பதை மெஷின் ஐம்பது மைக்ரானாக எடுத்துக்கொள்ளும். முடியின் தடிமன்கூட இல்லை அது. கத்தி நகரவேண்டிய தூரம் நகராமல் அங்கேயே நின்று, அடுத்த வரியில் உருளையை நட்ட நடுவில் குத்தியது. அன்றைக்கு வந்த பெயர். அவளே அதைக் கூச்சமில்லாமல் எல்லோருக்கும் சொல்லிச் சிரிப்பாள்.

இரண்டு பேரையும் இந்தத் தொழிலுக்கு இழுத்துவந்தது வாத்தியார், அதாவது அண்ணியின் கணவன், புள்ளியின் அண்ணன். அவன் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். பழைய பிரிண்டர்களைப் பிரித்து அவற்றின் மோட்டார்களை வைத்து, வீட்டுப் பால்கனியில் ஒரு சின்ன சிஎன்சி மெஷின், கணினி சொல்படி வெட்டுவது, கட்டினான். கட்டுவதில்தான் அவனுக்கு ஆசை. ஓடத் தொடங்கியதும் ஆசை தீர்ந்துவிட்டது. அதன்மேல் துணி காயப்போடும் நிலை வந்தபோது, துணி தைத்துக்கொண்டிருந்த அண்ணியின் தையல் மெஷினில் ஒரு பற்சக்கரம் உடைந்தது. கடையில் கிடைக்கவில்லை. அவள் காயும் துணிகளை எடுத்து ஓரமாகப் போட்டுவிட்டு, கணவனின் மெஷினில் அந்தச் சக்கரத்தைத் தானே வெட்டிப்பார்த்தாள். ஏழு சக்கரம் பாழ். எட்டாவது கச்சிதமாக உட்கார்ந்தது. அன்றைக்கு அவளுக்குள் ஏதோ ஒன்று பற்றிக்கொண்டது. நான்கு வருடம் கழித்து, வாடகை ஷெட்டில் இரண்டாம் கை சிஎன்சி லேத் ஒன்றும் மில்லிங் மெஷின் ஒன்றும் ஓடிக்கொண்டிருந்தன. தையல் மெஷின் ஷெட்டின் மூலையில், கைதுடைக்கும் துணிகளுக்கு மேசையாக நின்றது.

அந்த ஷெட்டுக்குத்தான் ஒருநாள் நாற்காலிக்காரர் வந்தார். சக்கரநாற்காலிகள் செய்பவர். அவரும் சக்கரநாற்காலியில் இருப்பவர்தான். வாசலில் நான்கு விரல் உயரத் திண்டு ஒன்று இருந்தது. முன்சக்கரத்தைத் தூக்கி அதன்மேல் ஏறிவந்தவர், முதலில் சொன்னது இதுதான்:

"இந்த வாசப்படியைக் கட்டினவனுக்குக் கால் ரெண்டும் நல்லா இருந்திருக்கும்."

அண்ணி திண்டை எட்டிப்பார்த்தாள். புள்ளி குபீரென்று சிரித்துவிட்டாள்.

அவர் மடியில் ஒரு வரைபடம் இருந்தது. பெண்கள் சக்கரநாற்காலிக் கூடைப்பந்து அணி ஒன்றுக்குப் பத்து நாற்காலிகள் செய்துகொண்டிருந்தார். இருபது பெரிய சக்கரங்களுக்கும் நடுவில் வரும் குடம் வேண்டும். ஒரு முனையில் ஆறு துளைகள் உள்ள தட்டையான விளிம்பு, சக்கரம் அதில்தான் திருகப்படும். விளிம்பிலிருந்து நீளும் குழாய், அதற்குள் இரண்டு பேரிங். எடை குறையவேண்டும் என்பதால் குழாயின் சுவர் இரண்டே மில்லிமீட்டர்.

"மெலிசா இருக்கே," என்றாள் அண்ணி.

"அதுக்குத்தான் உங்ககிட்ட வந்தேன். பெரிய பட்டறை ரெண்டுல கேட்டேன். ஒருத்தர் ஆறு மாசம் ஆகும்னார். இன்னொருத்தர் படத்தைப் பார்த்துட்டு, சுவரை அஞ்சு மில்லிமீட்டர் ஆக்கிக்கோங்கன்னார். ஆக்கிக்கலாம். ஆனா அதைத் தள்ளப்போறது அவர் இல்லையே, இந்தப் பொண்ணுங்கதானே?"

அண்ணி வரைபடத்தை இரண்டுமுறை பார்த்தாள். "பண்ணித்தரேன்," என்றாள்.

மூன்று வாரத்தில் இருபதும் தயார். ஒவ்வொன்றின் துளையையும் அவளே போர் கேஜ் விட்டு அளந்தாள். நீளக் கம்பின் முனையில் இரண்டு முளைகள் துளையின் எதிரெதிர்ச் சுவர்களைத் தொடும், மேலே டயலில் முள் நகரும். இருபதிலும் முள் ஒரே இடத்தில் நின்றது. நான்கை முதலில் அனுப்பினாள், இரண்டு நாற்காலிகளில் பூட்டிப்பார்க்க. மீதிப் பதினாறையும் எண்ணெய் தடவி, காகிதம் சுற்றி, பெட்டியில் அடுக்கி வைத்தாள். புள்ளி இதற்கிடையில் ஒரு தகட்டை வளைத்து வாசல் திண்டுக்குச் சரிவு போட்டிருந்தாள்.

அந்தச் சரிவில் நாற்காலிக்காரர் ஏறிவந்தபோது முகம் சரியாக இல்லை. மடியில் ஒரு குடம்.

"சுத்துது. ஆனா சந்தோஷமா சுத்தலை," என்றார்.

"சந்தோஷம் எத்தனை மைக்ரான்னு படத்துல போடலியே," என்றாள் அண்ணி.

அவர் சிரிக்கவில்லை. "பேரிங் வெளியில இருக்கும்போது வெண்ணெய் மாதிரி ஓடுது. இதுக்குள்ள போட்டா முனகுது. ஒரு பேரிங் ஒரு வாரத்துலயே சூடாகி நிறம் மாறிடுச்சு. துளை வட்டமா இல்லைன்னு நினைக்கிறேன்."

அண்ணிக்குச் சுருக்கென்றது. போர் கேஜை எடுத்து அவர் கண்முன்னாலேயே துளைக்குள் விட்டாள். மெல்லச் சுற்றினாள். முள் அசையவில்லை.

"பாருங்க. எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரே அளவு. குறுக்க எங்கே அளந்தாலும் ஒரே அளவா இருந்தா அது வட்டம் இல்லாம வேற என்னங்க?"

அவர் முள்ளைக் குனிந்து பார்த்தார். "உங்க மீட்டர் சொல்றது உண்மையாத்தான் இருக்கும். என் சக்கரம் சொல்றதும் உண்மை. ரெண்டும் எப்படி ஒண்ணா உண்மையா இருக்க முடியும்னு எனக்குத் தெரியலை. போட்டிக்கு இன்னும் பன்னெண்டு நாள் இருக்கு." குடத்தை மேசைமேல் வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டார்.

"மட்டமான பேரிங்கை வாங்கிப் போட்டுட்டு நம்ம தலையில கட்டப் பாக்கறார்," என்றாள் அண்ணி, ஷட்டர் பக்கம் பார்த்து.

புள்ளி பர்ஸை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். பக்கத்துக் கடைகள் இரண்டு ஏறி இறங்கி, மூன்று வெவ்வேறு கம்பெனிப் பேரிங் வாங்கிவந்து மேசையில் வைத்தாள். அவ்வளவுதான். அவளுக்கு அண்ணியைத் தெரியும்.

அண்ணி முதல் பேரிங்கை விரலில் மாட்டிச் சுண்டினாள். ஓசையில்லாமல் ஓடியது. குடத்துக்குள் அழுத்தி இறக்கிச் சுண்டினாள். விரலுக்குள் மணல் நெறிபடுவதுபோல் இருந்தது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதும் அப்படியே. பெட்டியைத் திறந்து காகிதம் சுற்றிய குடம் ஒன்றை எடுத்தாள். அதிலும் அதே மணல். இன்னொன்று. அதிலும். அவள் முகத்தில் ஈயாடவில்லை.

நீல மசிக் குழாயைத் தேடி எடுத்தாள். துளையின் அளவுக்கே கடைந்த எஃகு உருளை ஒன்று அவளிடம் இருந்தது. அதன்மேல் மசியைப் பனிபோல மெல்லிசாகப் பூசித் துளைக்குள் நுழைத்து எடுத்தாள். வட்டத்துக்குள் வட்டம் போனால் நீலம் சுற்றிலும் ஒட்டவேண்டும். ஆனால் மூன்றே இடத்தில் ஒட்டியிருந்தது, ஒன்றுக்கொன்று சம தூரத்தில். நடுவில் மூன்று இடம் வெள்ளை வெளேரென்று பளபளத்தது.

குடத்தின் வெளிப்புறத்தைச் சன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். லேத்தின் சக் மூன்று தாடைகளால் அதைக் கவ்விப் பிடித்த மங்கலான தடங்கள் தெரிந்தன. நீலத் திட்டு ஒவ்வொன்றும் இரண்டு தடங்களுக்குச் சரியாக நடுவில் இருந்தது.

அவளுக்குப் புரிந்துவிட்டது. சுவர் மெலிசு. தாடைகள் மூன்று பக்கமும் கவ்வும்போது அந்த மூன்று இடமும் உள்ளே அமுங்குகிறது. அமுங்கிய நிலையில் கத்தி உள்ளே வட்டமாகக் கடைகிறது. தாடையை விட்டதும் அமுங்கிய இடம் வெளியே விரிகிறது. பிடித்திருந்தவரை வட்டம், விட்டதும் இல்லை.

"அப்போ மீட்டர் ஏன் காட்டலை?" என்றாள் புள்ளி.

அதுதான் அண்ணிக்கும் புரியவில்லை. சாயங்காலம் வாத்தியார் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் கேட்டாள்: "ஏங்க, ஒரு உருவம், குறுக்க எங்கே அளந்தாலும் ஒரே அளவு. ஆனா வட்டம் இல்லை. அப்படி ஒண்ணு இருக்க முடியுமா?"

வாத்தியார் முகம் மலர்ந்துவிட்டது. பையைக்கூடக் கீழே வைக்காமல் பால்கனிக்கு ஓடினான். அரை மணி நேரத்தில் பழைய மெஷின் கீச்சிட்டு, அக்ரிலிக் தகட்டில் மூன்று துண்டுகளை வெட்டித் தள்ளியது. ஒவ்வொன்றும் மூன்று முனை உள்ளது, பக்கங்கள் மட்டும் உப்பியவை. அவற்றைத் தரையில் செங்குத்தாக நிறுத்தி, ஒரு நோட்டை மேலே வைத்து உருட்டினான். துண்டுகள் கோணல்மாணலாக உருண்டன. நோட்டு மட்டும் கொஞ்சமும் ஏறி இறங்காமல் சமமாக நகர்ந்தது.

"மூணு முனை. ஆனா எந்தப் பக்கம் அளந்தாலும் ஒரே அகலம்," என்றான். "உங்க மீட்டர் ரெண்டு புள்ளியைத் தொட்டு அளக்குது. ஒரு பக்கம் எவ்வளவு மேடோ, அதுக்கு நேர் எதிர்ல அவ்வளவு பள்ளம். அதுக்கு எப்படித் தெரியும் பாவம்?"

"இது இவ்வளவு நாளா தெரிஞ்சிருந்தும் சொல்லாம இருந்தியா அண்ணா?" என்று புள்ளி பாய்ந்தாள்.

"யாரும் கேக்கலியே!"

அண்ணி தரையில் உட்கார்ந்து, அந்தத் துண்டுகளைத் தானே இரண்டுமுறை உருட்டிப்பார்த்தாள். நாற்காலிக்காரர் முன்னால் முள்ளைக் காட்டி வாதாடியது நினைவுக்கு வந்து காது சூடானது.

"இருபதையும் திருப்பிப் பண்ணணும்," என்றாள்.

"அண்ணி, கோவப்படாம கேளுங்க," என்றாள் புள்ளி. "பேரிங் ஒட்டற பசை இருக்கே. துளையைக் கொஞ்சம் பெருசாக்கி, பசை போட்டு உட்காரவெச்சா வித்தியாசத்தைப் பசையே நிரப்பிடும். நெறையப் பேர் பண்றாங்க. பதினோரு நாள்ல இருபது குடம்னா, வேற ஆர்டரும் கையில இருக்கு..."

அது மோசமான யோசனை இல்லை என்று அண்ணிக்கும் தெரியும். கொஞ்ச நேரம் யோசிக்கத்தான் செய்தாள்.

"அந்தப் பொண்ணுங்க முழு வேகத்துல வந்து ஒருத்தர்மேல ஒருத்தர் மோதுவாங்க. பேரிங் மாத்தணும்னா பசையைச் சூடுபண்ணி எடுக்கணும். அவங்க ஊர் ஊரா விளையாடப் போற இடத்துல யார் எடுப்பா? வேணாம். நான் தப்பாப் பிடிச்சேன். சரியாப் பிடிச்சுப் பண்ணிக் குடுக்கறேன்."

ஒரு விஷயத்தில் அவள் முடிவெடுத்துவிட்டால் வீட்டில் யாரும் அதற்குமேல் வாதாடுவதில்லை. வாத்தியார் நோட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனான்.

மறுநாள் காலையில் அண்ணி முதலில் போனது பட்டறைக்கு இல்லை. ஸ்பேனர் பையோடு அணி பயிற்சி செய்யும் உள்ளரங்குக்குப் போனாள். நாற்காலிக்காரரிடம் போனில் சொல்லியிருந்தாள். அவர் வாசலிலேயே காத்திருந்தார்.

"உங்க சக்கரம் சொன்னதுதான் சரி," என்றாள் அண்ணி.

"மீட்டர்?"

"அதுவும் உண்மையைத்தான் சொல்லிச்சு. நான்தான் பாதிக் கேள்வி கேட்டிருக்கேன்."

உள்ளே மரத் தரையில் சக்கரங்கள் கீச்சிட்டுக்கொண்டிருந்தன. புது நாற்காலிகள் இரண்டில் ஒன்று, ஒரு குடம் கழற்றப்பட்டு, ஓரமாகச் சாய்ந்து கிடந்தது. மற்றது கேப்டனுடையது. அவளுக்கு இருபத்தைந்து வயதிருக்கும். பந்தை மடியில் போட்டுக்கொண்டு வந்து, ஒரே சுழற்சியில் அண்ணியின் கால்விரலுக்கு ஒரு சாண் முன்னால் நின்றாள்.

"இந்த நாற்காலியும் அந்த நாற்காலியும் எனக்கு வேணும். சக்கரத்தைக் கழட்டிக்கிட்டுப் போறேன்," என்றாள் அண்ணி.

"எதுக்கு? நான் இதுவரைக்கும் ஓட்டினதுலயே இதுதான் வேகம்."

"பேரிங் இன்னும் சாகலை. அதனால வேகமா இருக்கு."

"யார் தப்பு?"

"என் தப்பு."

கேப்டன் நாற்காலிக்காரரைப் பார்த்தாள். அவர் இரண்டு கைகளையும் விரித்தார். அவள் மறுபடி அண்ணியிடம் திரும்பினாள். "இதுல பழகி ஒரு வாரம்தான் ஆச்சு. இப்போ பழசுக்குப் போயிட்டு, போட்டி அன்னிக்குத் திரும்ப இதுல உட்காரச் சொல்வீங்க. எங்களுக்கு இது செருப்பு மாத்தற மாதிரி இல்லைங்க, காலையே மாத்தற மாதிரி."

அண்ணி ஸ்பேனர் பையைக் கீழே வைத்தாள். குனிந்து, கேப்டனின் கையைப் பிடித்து அவள் விரல்களைச் சக்கரத்தின் அச்சுமேல் வைத்தாள். மறுகையால் சக்கரத்தை மெதுவாகச் சுற்றிவிட்டாள். வேகமாகத் தள்ளும்போது தெரியாதது மெதுவாகச் சுற்றும்போது தெரிந்தது. கேப்டன் கண்ணை மூடிக் கவனித்தாள்.

"மணல் மாதிரி இருக்கு," என்றாள்.

"ஆமா."

"எப்போ தருவீங்க?"

"ஏழு நாள். எட்டாம் நாள் காலையில உங்க நாற்காலியில இருக்கும். மத்த எட்டும் சேர்த்து."

"வரலைன்னா?"

"வரும்."

கேப்டன் அவளை முறைத்துப் பார்த்தாள். பிறகு கைகளை ஊன்றிப் பக்கத்து பெஞ்சுக்குத் தாவி உட்கார்ந்தாள். "கழட்டிக்கோங்க. ஸ்குரூவைத் தொலைச்சுடாதீங்க, அது என் சொந்த ஸ்குரூ."

முதல் நாள், பிடியைத் தளர்த்திப்பார்த்தாள் அண்ணி. கவ்வுவதுதானே பிரச்சினை, மெதுவாகக் கவ்வினால் என்ன? கத்தி தொட்டு மூன்றாவது நொடியில் குடம் தாடையிலிருந்து நழுவி மெஷின் கதவில் மோதியது. கதவு பூட்டியிருந்ததால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. கண்ணாடியில் ஒரு பள்ளம். கத்தி முனை போயே போய்விட்டது. புள்ளி நெஞ்சில் கைவைத்துக்கொண்டு, "இனிமே தளர்த்தற யோசனையே வேணாம் அண்ணி," என்றாள்.

இரண்டாம் நாள், குடத்தின் அளவுக்கே குடைந்த மெது தாடைகளைப் போட்டாள். மூன்று இடத்தில் குத்திப் பிடிக்காமல், சுற்றிலும் உள்ளங்கைபோல அணைத்துப் பிடிப்பவை. நீல மசி இந்தமுறை மூன்று திட்டாக இல்லை, மூன்று பட்டையாக அகன்றிருந்தது. கோணல் முன்னைக்குப் பாதிக்குமேல் குறைந்துவிட்டது. புள்ளிக்கு ஒரே சந்தோஷம்.

"இது போதும் அண்ணி! வேற யாரா இருந்தாலும் இதை வாங்கிட்டுப் போயிடுவாங்க."

அண்ணி பேரிங்கை இறக்கி விரல் வைத்துப் பார்த்தாள். "மணல் போச்சு. ஆனா மாவு இருக்கு," என்றாள்.

அன்று முழுக்க அவள் சரியாகச் சாப்பிடவில்லை. குடத்தைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டே இருந்தாள். எப்படிக் கவ்வினாலும் பக்கவாட்டில் அமுக்கத்தான் செய்யும். பக்கவாட்டில் பிடிக்கவே கூடாது என்றால் எங்கே பிடிப்பது? சட்டை தைக்கும் காலத்தில் காலருக்கு நடுவில் ஊசி குத்தினால் துணி சுருங்கும். அதனால் தையலுக்குள் மறையப்போகும் ஓரத்தில்தான் குத்துவாள். இந்தக் குடத்துக்கு ஓரம் எது? விளிம்பு. விளிம்பில் ஆறு துளை ஏற்கெனவே இருக்கிறது, சக்கரம் பூட்ட. அந்த ஆறு துளையிலும் ஸ்குரூ போட்டு ஒரு தகட்டோடு பூட்டினால்? குழாயை யாருமே தொடவேண்டாம். அது காற்றில் நிற்கும்.

"புள்ளி, வரிசையை மாத்து," என்றாள். "முதல்ல விளிம்பு, ஆறு துளை. அப்புறம் தகட்டுல பூட்டு. சுவர் தடிமனா இருக்கும்போதே உள்துளையை முக்கால்வாசி கடைஞ்சுடலாம். பிறகு வெளிப்பக்கம். கடைசியா உள்ளே ஒரே ஒரு மெல்லிய சீவல்."

மூன்றாம் நாள் எஃகுத் தகடு தயாரானது. அதை லேத்திலேயே மாட்டி, அதே லேத்தில் முகத்தைச் சமமாகக் கடைந்தாள், கொஞ்சம் கோணினாலும் ஆறு ஸ்குரூவும் விளிம்பை இழுத்து வளைத்துவிடும் என்பதால். நான்காம் நாள் காலை முதல் குடம் ஏறியது. கடைசிச் சீவல் வரை எல்லாம் நன்றாகப் போனது. கடைசிச் சீவலில் மெஷினுக்குள்ளிருந்து ஊளைச் சத்தம் கிளம்பியது. பிடிப்பில்லாத மெல்லிய குழாய், கத்தி பட்டதும் மணிபோல அதிர்ந்தது. துளை வட்டமாகத்தான் வந்தது, ஆனால் உள்சுவர் முழுக்க மீன் செதில்போலச் சொரசொரப்பு.

புள்ளி வேகத்தைக் குறைத்தாள், கூட்டினாள், கத்தியை மாற்றினாள். ஊளையின் சுருதிதான் மாறியது.

அந்த நேரம் பார்த்து நாற்காலிக்காரர் வந்தார். எட்டிப் பார்க்கத்தான் வந்தேன் என்றார். அவர் நாற்காலியின் பின்பையிலிருந்து ஒரு பழைய சக்கர டியூப் தொங்கிக்கொண்டிருந்தது. அண்ணியின் கண் அதில் நிலைத்துவிட்டது.

"அது வேணுமா உங்களுக்கு?"

"ஓட்டை டியூப்பும்மா. தூக்கிப் போடணும்."

"குடுங்க."

டியூப்பைப் பட்டைப் பட்டையாக வெட்டி, குழாயின் வெளிப்புறத்தில் இறுக்கமில்லாமல், தொய்வுமில்லாமல் சுற்றிக் கட்டினாள். அடிக்கும் மணியின்மேல் கைவைத்தால் ஓசை செத்துப்போகும் இல்லையா? கதவை மூடிப் பொத்தானை அழுத்தினாள். மூன்று பேரும் கண்ணாடிக்கு அருகில் தலையை நீட்டிக் காத்திருந்தார்கள். கடைசிச் சீவல் வந்தது. வெண்ணூல்போலச் சுருண்டு விழும் சீவலின் சரசரப்பைத் தவிர வேறு சத்தமே இல்லை.

எடுத்தாள், துடைத்தாள், நீல மசி தடவிய உருளையை நுழைத்தாள். வெளியே எடுத்து உள்ளே பார்த்தாள். சுற்றிலும், இடைவெளி விடாமல், ஒரே சீராக நீலம்.

புள்ளி விசில் அடித்தாள். நாற்காலிக்காரர் குடத்தை வாங்கி, தன் பையிலிருந்த பேரிங்கை அவரே அழுத்தி இறக்கினார். விரலால் சுண்டிவிட்டுக் காதோடு வைத்துக்கொண்டார். மறுபடி சுண்டினார், மறுபடி காதோடு வைத்துக்கொண்டார்.

"என்னங்க, கேக்குதா?" என்றாள் புள்ளி பொறுக்கமுடியாமல்.

"ஒண்ணும் கேக்கலை. அதைத்தான் கேட்டுக்கிட்டு இருக்கேன்."

மீதிப் பத்தொன்பதையும் அண்ணி யாரிடமும் விடவில்லை. ஒவ்வொரு ஸ்குரூவையும் ஒரே அழுத்தத்தில், எதிரெதிராக முறுக்கினாள். ஒவ்வொன்றையும் இப்போது மூன்று முளையுள்ள மீட்டரால் அளந்தாள், பிறகு நீலம், பிறகு விரல். பதினான்காவதில் நீலம் ஒரு பக்கம் லேசாக வெளுத்திருந்தது. ஒரு சின்னச் சீவல் தகட்டுக்கும் விளிம்புக்கும் நடுவில் மாட்டியிருக்கிறது. பேரிங் போட்டுப் பார்த்தாள். விரலுக்கு ஒன்றும் தெரியவில்லை.

"ஓடுது அண்ணி," என்றாள் புள்ளி.

"ஓடட்டும்." அதை எடுத்து ஓரத்தில் பேனா கொண்டு குறுக்கே கோடு போட்டுவிட்டு, புதுக் கம்பியை மாட்டினாள். பழைய இருபதும் ஏற்கெனவே கோடு போட்ட முகங்களோடு கழிவு அலுமினியப் பெட்டியில் கிடந்தன. இதுவும் போய் அவற்றோடு சேர்ந்தது.

ஏழாம் நாள் மாலை இருபதாவது குடம் முடிந்தது. எட்டாம் நாள் காலை, சொன்னபடி, பத்து நாற்காலிகளிலும் சக்கரம் இருந்தது. கேப்டன் தன் நாற்காலியின் சக்கரத்தை மெதுவாகச் சுற்றி, அச்சில் விரலை வைத்துக் கண்ணை மூடினாள். பிறகு கண்ணைத் திறந்து, "என் ஸ்குரூ?" என்றாள். அண்ணி இரண்டு சக்கரத்திலும் பன்னிரண்டையும் எண்ணிக் காட்டினாள்.

போட்டிக்கு வீட்டில் மூன்று பேருமே போனார்கள். வாத்தியாருக்கு அன்றைக்கு விடைத்தாள் திருத்தும் வேலை இருந்ததால் பாதியில்தான் வந்து சேர்ந்தான். அதுவரை அண்ணியும் புள்ளியும் முன்வரிசையில் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார்கள். இரண்டாவது ஆட்டத்தில் எதிரணியில் ஒருத்தி பக்கவாட்டிலிருந்து வந்து கேப்டனின் சக்கரத்தில் நேராக மோதினாள். உலோகம் உலோகத்தில் இடித்த சத்தம் கூரைவரை போனது. நாற்காலி சாய்ந்து, கேப்டனோடு தரையில் விழுந்தது. அண்ணி எழுந்து நின்றுவிட்டாள். அவள் நகம் புள்ளியின் மணிக்கட்டில் பதிந்தது.

கேப்டன் ஒரு கையை ஊன்றி, உடம்பை ஒரு உலுக்கு உலுக்கி நாற்காலியோடு நிமிர்ந்தாள். சக்கரத்தை ஒருமுறை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நடுவரைப் பார்த்து ஏதோ கத்தினாள், அடுத்த நொடி பந்தின் பின்னால் போய்விட்டாள்.

வாத்தியார் வந்து மூச்சு வாங்க உட்கார்ந்தான். "ஸ்கோர் என்ன?"

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"தெரியலைங்க," என்றாள் அண்ணி.

"ரெண்டு மணி நேரமா என்ன பாத்துக்கிட்டு இருக்கீங்க?"

"சக்கரத்தை," என்றாள் புள்ளி.

அணி அந்த ஆட்டத்தில் நான்கு புள்ளியில் தோற்றது. வெளியே வந்த கேப்டனின் முகம் சிவந்திருந்தது. நடுவரின் கண்ணைப் பற்றியும், தன் தடுப்பாட்டக்காரிகளின் சோம்பலைப் பற்றியும், கடைசி நிமிடத்தில் தவறவிட்ட பந்தைப் பற்றியும் நாற்காலிக்காரரிடம் பொரிந்து தள்ளினாள். அண்ணியைப் பார்த்துத் தலையசைத்தாள், அவளிடமும் நடுவரைப் பற்றித்தான் சொன்னாள். சக்கரம் என்ற சொல்லையே அவள் எடுக்கவில்லை. அண்ணி கடைசிவரை பொறுமையாக நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். அந்தக் குடம் திரும்பி வந்த நாளிலிருந்து முதல்முறையாக அவளுக்கு நன்றாகப் பசித்தது.